பதினோராம் கேள்வி

அந்த மேசைதான், அம்மா. நீல விரிப்புப் போட்டிருக்கிறதே, அதுவேதான். மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக்கொடுக்கும் இடம் அதுதான். அந்தப் பெண் இன்னும் வரவில்லை. ஒன்பதரைக்கு வருவாள். வந்ததும் கைபேசியைச் சார்ஜில் போடுவாள். பிறகு உங்கள் கையில் ஒரு படிவத்தைத் தந்து, "மூணே மூணு கேள்வி எழுதுங்கம்மா. ரொம்ப முக்கியமானத மொதல்ல எழுதுங்க" என்பாள். மூன்று! ஒரு மனித உடலுக்குள் என்ன நடக்கிறது என்று விசாரிக்க மூன்று கோடுகள். ரயிலில் முன்பதிவு செய்யும் படிவத்தில்கூட இதைவிட இடம் அதிகம்.

உட்காருங்கள். அந்த இருக்கை வேண்டாம், அதன் கால் ஆடும். இதில் உட்காருங்கள். டோக்கன் எண் என்ன? நாற்பத்தேழா? அப்படியானால் பன்னிரண்டுக்கு முன் அழைக்கமாட்டார்கள். யாருக்கு? கணவருக்கா? ரத்தப் பரிசோதனைக்குப் போயிருக்கிறாரா? நல்லது. கழுத்தில் என்றா சொன்னீர்கள்? சரி, சரி. நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

அந்த மேசை இரண்டாண்டு நான்கு மாதம் என் மேசையாக இருந்தது.

என் பெயர் ஐயாறப்பன். கூட்டுறவுத் துறையில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். முப்பத்தோராண்டுகள் பிறருக்காகக் கடிதம் எழுதினேன். இணைப் பதிவாளர்கள் எத்தனையோ பேர் வந்தார்கள், போனார்கள்; கையெழுத்து அவர்களுடையது, வாசகம் என்னுடையது. ஓய்வுக்குப் பிறகு காலையில் பூசை, பூசைக்குப் பின் பதிகம் ஓதுதல். எவ்வளவு நிதானமாக ஓதினாலும் எட்டு மணிக்கு முடிந்துவிடும். அதற்குமேல் ஒரு நாளை என்ன செய்வது, சொல்லுங்கள். அப்போதுதான் இம்மருத்துவமனையில் இப்படி ஒரு தொண்டுக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நோயாளிகள் பெரிய மருத்துவரைப் பார்க்கப் போவார்கள், உள்ளே போனதும் நா எழாது, வெளியே வந்தபின் 'ஐயோ, அதைக் கேட்கவில்லையே' என்று தலையில் கைவைப்பார்கள். அவர்களோடு பேசி, கேட்க வேண்டியவற்றை எழுதிக் கொடுக்க வேண்டும். அவ்வளவே. அடியார்க்குச் செய்யும் தொண்டாக ஏற்றுக்கொண்டேன். ஊதியம் இல்லை. தேநீர் கொடுத்தார்கள், அதையும் நான் வாங்கியதில்லை.

முதல் நாளே சிஸ்டர் ஜெசிந்தா அந்த மூன்று கோட்டுப் படிவக் கட்டை என்முன் வைத்தார். புறநோயாளர் பிரிவுக்குப் பொறுப்பாளர் அவர்தான். நல்ல பெண்மணி; ஆனால் அவசரம். "ஐயா, டாக்டர் ஒரு ஆளுக்கு எட்டு நிமிஷம்தான் பாப்பாரு. அதனால எது ரொம்ப முக்கியமோ அதை மொதல்ல கேக்கச் சொல்லுங்க. மிச்சமெல்லாம் நாங்க சொல்லிக்குவோம்" என்றார்.

நான் அந்தப் படிவத்தை இழுப்பறையில் வைத்தேன். எடுக்கவே இல்லை.

ஏன் என்று கேளுங்கள். பெரியவர் ஒருவர்முன் போய் நின்று, வாயைத் திறந்த மாத்திரத்தில் 'எனக்கு இது வேண்டும்' என்பது என்ன முறை? சன்னிதியில் நாம் எவ்வாறு நிற்கிறோம்? முதலில் அவன் குடியிருக்கும் ஊரைச் சொல்கிறோம். அந்த ஊரின் ஆற்றை, சோலையை, மதிலைச் சொல்கிறோம். அப்புறம் அவன் செய்த அருட்செயல்கள். அப்புறம் நம் சிறுமை. வேண்டுகோள் எங்கே வருகிறது? கடைசியில் வருகிறது. பத்துப் பாட்டுப் பாடி, பதினோராம் பாட்டில் பயனைச் சொல்லி முடிப்பதுதான் மரபு. கடைசி இடம் கீழான இடம் அன்று, அம்மா. அதுதான் மகுடம். அலுவலகக் கடிதத்திலும் அப்படித்தானே? பொருள், பார்வை எல்லாம் எழுதி, பத்தி பத்தியாய் வந்து, இறுதியில்தானே 'எனவே' என்று தொடங்குகிறோம்?

ஆகவே என் முழுநீளத் தாளிலேயே எழுதினேன். கோடு போட்ட தாள், இடப்புறம் ஓரம் விட்டு, கருநீல மை. கேள்வி குறைவாகக் கொண்டுவந்தவர்களுக்கும் நிறைவாக்கிக் கொடுத்தேன். மணப்பாறையிலிருந்து ஒரு லாரி ஓட்டுநர் வந்தார், இடுப்பெலும்பு முறிந்தவர். "எனக்கு ஒண்ணே ஒண்ணுதான்யா கேக்கணும். திரும்ப வண்டி ஓட்டலாமா, அதான்" என்றார். ஒன்பது எழுதிக் கொடுத்தேன். நெடுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதுல வண்டி எங்கய்யா இருக்கு?" என்றார். "ஒன்பதாவதில் இருக்கிறது, பாருங்கள்" என்றேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வெளியே வரும்போது என்னைப் பார்க்காமலே போய்விட்டார். பலரும் அப்படித்தான் போவார்கள். உள்ளம் நிறைந்தவர்களுக்கு அக்கம்பக்கம் தெரியாது.

நான் சொல்ல வந்தது அதுவன்று. என் மைத்துனனைப் பற்றிச் சொல்ல வந்தேன்.

என் மனைவி மட்டுவார்குழலிக்கு ஒரே தம்பி. இரத்தினகிரி. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவனும் மணம் செய்துகொள்ளவில்லை. இதைச் சொல்லிவிட்டால் அவன் எங்களுக்கு யார் என்பது உங்களுக்கு விளங்கிவிடும். குளித்தலைப் பக்கம் வாழைத்தார் மண்டியில் ஏலம் கூறுபவன். காலை ஆறு மணிக்கு மண்டியின் நடுவில் ஒரு பெட்டிமேல் ஏறி நிற்பான். பூவன், ரஸ்தாளி, கற்பூரவல்லி என்று தார்கள் வரிசையாகக் கிடக்கும். நூறு வியாபாரிகள் ஒரே நேரத்தில் கத்துவார்கள். அத்தனை இரைச்சலுக்கும் மேலே அவன் குரல் போகும். ஒலிபெருக்கி கிடையாது. கமிஷன்காரர் ஒருமுறை வாங்கி வைத்தாராம். வியாபாரிகளே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். "ரெத்தினம் தொண்டையில வந்தாத்தான்யா வெலையே நம்பிக்கையா இருக்கு" என்றார்களாம். முப்பதாண்டுகள் அந்தக் குரலால் சோறு தின்றான்.

எனக்கு அதில் ஒரு வருத்தம் உண்டு. அப்படிப்பட்ட குரலை இறைவன் ஒருவனுக்குக் கொடுத்து, அவன் அதைக் கொண்டுபோய் வாழைத்தாருக்குச் செலவிடுகிறான் என்றால் யாருக்குத்தான் வருத்தம் வராது? பிரதோஷம்தோறும் கூப்பிடுவேன். "வந்து இரண்டு பாட்டு ஓதிவிட்டுப் போடா" என்பேன். அவன் சிரிப்பான். "சாமிக்கு நல்லாக் காது கேக்கும் அத்தான். யாவாரிக்குத்தான் கேக்காது. நான் அங்க கத்துறேன், நீங்க இங்க மெதுவா ஓதுங்க" என்பான். வாய் அதிகம். என் முகத்துக்கு நேரே என்னைக் கேலி செய்யும் உரிமை இந்த உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் உண்டு. குழலிக்குக்கூட இல்லை.

சென்ற ஆண்டு ஆவணியில் அவன் குரல் கம்மத் தொடங்கியது. சளி என்றான். பனங்கற்கண்டு, மிளகு, சுக்குக் கஷாயம் என்று இரண்டு மாதம் ஓட்டினான். ஐப்பசியில் மண்டியில் ஏலத்தின் நடுவே குரல் அறவே நின்றுவிட்டது. ஒரு ரஸ்தாளித் தாருக்கு விலை கூறும்போது. வியாபாரிகள் ஒரு கணம் பேச்சை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார்களாம். அதை அவன் என்னிடம் சொன்னபோதுதான் அவன் முகத்தில் முதன்முதலாகப் பயத்தைப் பார்த்தேன்.

நான்தான் இங்கே அழைத்து வந்தேன். குழாய் விட்டுப் பார்த்தார்கள். குரல்வளையில் கட்டி. சதை எடுத்துச் சோதித்தார்கள். ஆம், அதேதான். உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தப் பெயரைச் சொல்ல வேண்டாம். அடுத்த செவ்வாய்க்கிழமை பெரிய மருத்துவரைப் பார்க்க நாள் கொடுத்தார்கள்.

வரும் வழியில் பேருந்திலேயே என்னிடம் சொன்னான். காற்று வெளியேறுவது போலத்தான் பேச்சு வரும், அப்போதே. என் காதருகே குனிந்து, "அத்தான், எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். அறுக்காம, தொண்டைய விட்டுட்டு, வேற வைத்தியம் இருக்கா? அதை மட்டும் கேட்டுருங்க. மத்ததெல்லாம் அவங்க பாடு" என்றான்.

"கேட்டுவிடலாம்" என்றேன்.

இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். யார் யாருக்கோ எழுதியவன் இவனுக்கு எழுதாமல் இருப்பேனா? மூன்று படி எடுத்து, மூன்றாவதைத்தான் வைத்துக்கொண்டேன். பதினொன்று. அதைப்போல் ஒன்றை நான் அதற்குமுன் எழுதியதில்லை, இனி எழுதப்போவதுமில்லை. முதலாவதில் மருத்துவருக்கு வணக்கமும், நோயின் தன்மையை விளக்கியருளுமாறு விண்ணப்பமும். இரண்டாவதில் நோயின் தோற்றுவாய். வெற்றிலைப் பழக்கம் பற்றி ஒன்று. சிகிச்சைக்கு நாள் குறிக்கும்போது தேய்பிறையைத் தவிர்க்க இயலுமா என்று ஒன்று. உணவு, உறக்கம், நீராட்டு. பதினோராவது அவனுடையது. இப்போதும் எனக்கு மனப்பாடம். 'இறுதியாக, முப்பதாண்டுகளாகத் தம் குரல் ஒன்றையே முதலாகக் கொண்டு வாழ்ந்துவரும் இவருக்கு, அக்குரலுக்கு ஊறு நேராவண்ணம் வேறு சிகிச்சை முறை ஏதேனும் இருப்பின், அதனையும் தங்கள் பரந்த அனுபவத்தால் ஆராய்ந்து உரைக்குமாறு பணிவுடன் வேண்டப்படுகிறது.'

ஒரு சொல்லை எடுக்க முடியுமா, பாருங்கள்.

அவன் படித்தான். "என்னோடது கடைசில இருக்கே அத்தான்" என்றான்.

"அதுதான் உயர்ந்த இடம். கடைசியில் சொல்வதுதான் கேட்பவர் மனத்தில் தங்கும்" என்றேன். "வரிசையாகக் கேள். நடுவில் தாவாதே. தாவினால் அழகு கெட்டுவிடும்."

"சரி" என்றான். மற்றதில் எல்லாம் கேலி செய்வான். இப்படிப்பட்ட காரியங்களில் அவன் என் சொல்லைத் தட்டியதில்லை.

இப்போது அந்தக் கொடுமையைக் கேளுங்கள்.

உள்ளே போனோம். சிஸ்டர் ஜெசிந்தா வாசலில் தாளை எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயா, இம்புட்டா?" என்றார். மருத்துவர் நாற்பத்தைந்து வயதிருப்பார். களைத்த முகம். இரத்தினகிரிக்குப் பேச வராததால் தாளை மேசைமேல் விரித்து வைத்து, விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினான், நான் வாசித்தேன். முதலாவதை வாசித்ததும் மருத்துவர் நிமிர்ந்தார். தாளைத் தம் பக்கம் இழுத்துப் பார்த்தார். "யாருங்க இதை எழுதினது? அச்சடிச்ச மாதிரி இருக்கு!" என்றார்.

நான் சொன்னேன். அவர் சிரித்தார். பள்ளியில் தமிழில் முதலாவதாக வந்தவராம். எட்டாம் வகுப்பில் மனனம் செய்த ஒரு பாட்டை எடுத்து விட்டார். இரண்டாம் அடியில் தடுக்கினார். நான் எடுத்துக் கொடுத்தேன். மூன்றாம் அடியில் பாடத்தையே மாற்றிச் சொன்னார், திருத்தினேன். பொருளும் சொன்னேன். "இவ்வளவு அர்த்தம் இருக்கா இதுக்கு!" என்று வியந்தார். அம்மா, எந்நேரமும் மருந்து நெடியும் இருமலுமாய் இருக்கும் அந்த அறையில், மூன்று நான்கு நிமிடம் தமிழ் இருந்தது. நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

பிறகு கேள்விகளுக்கு வந்தோம். முறையாகத்தான் விடை சொன்னார். கட்டி எங்கே இருக்கிறது என்று படம் வரைந்து காட்டினார். குரல்வளையை எடுத்துவிடுவதுதான் பாதுகாப்பு என்றார். கழுத்தில் ஒரு துளை வைப்போம், அதன் வழியாக மூச்சு விடலாம் என்றார். இரத்தினகிரி தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். வெற்றிலைக்கும் விடை சொன்னார், தேய்பிறைக்குச் சிரித்தார். ஆறாவதை முடித்தோம். ஆறாவதுதான்! கதவைத் திறந்துகொண்டு யாரோ வந்து, "சார், தியேட்டர் ரெடி" என்றார். மருத்துவர் எழுந்துவிட்டார்! பதினொன்றில் ஆறு. கோயில் நடையைப் பாதிப் பாட்டில் சாத்துவார்களா? இது என்ன நாகரிகம்? ஓர் உயிர் எதிரில் உட்கார்ந்திருக்கிறது, இன்னும் ஐந்து கேள்வி மிச்சம் இருக்கிறது, இவர் பாட்டுக்கு எழுந்து போகிறார். நான் இதை எழுத்து மூலமாகவே நிர்வாகத்துக்குத் தெரிவித்தேன். நான்கு பக்கம். பதில் வரவில்லை. பதிலாக என்ன வந்தது தெரியுமா? ஒரு மாதம் கழித்து அந்த மேசைக்கு இந்தப் பெண் வந்தாள். சிஸ்டர் ஜெசிந்தா என் கையைப் பிடித்துக்கொண்டு, "வயசாயிருச்சுல்லய்யா, வீட்ல இருந்து ரெஸ்ட் எடுங்க" என்றார். அவ்வளவு கனிவாகச் சொன்னார். கனிவாகச் சொல்லித்தான் ஒருவனை வெளியே அனுப்ப முடியும்.

என்ன கேட்டீர்கள்? எழுந்து போகும்போது அவர் ஒன்றுமே கேட்கவில்லையா என்றா?

கேட்டார்.

கேட்கத்தான் செய்தார். இல்லை என்று சொல்லமாட்டேன். நின்றபடியே, கதவுப்பிடியில் கைவைத்துக்கொண்டு, "வேற எதுவும் முக்கியமாக் கேக்கணுமா?" என்றார். இரத்தினகிரியைப் பார்த்துத்தான் கேட்டார். அவன் விரல் தாளின் அடிக்குப் போனது. நேரே பதினோராவதற்கு. நான் ஏழாவதில் விரலை வைத்தேன்.

அழுத்தி ஒன்றும் வைக்கவில்லை. சும்மா, வரிசை இது என்று காட்டுவதற்கு. அவன் என்னைப் பார்த்தான். விரலை எடுத்துக்கொண்டான். நான் ஏழாவதை வாசித்தேன். அறுவைக்குப் பின் மோர் பருகலாமா என்பது ஏழாவது. "தாராளமா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் என்ன நினைத்தேன் என்றால், அடுத்த தடவை மிச்சத்தைக் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அடுத்த தடவை என்று ஒன்று இருக்கும்தானே? அந்த வாரமே தேதி கொடுத்துவிடுவார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? வெள்ளிக்கிழமை ஒரு தாளை நீட்டி, "இங்க கையெழுத்துப் போடுங்க" என்றார்கள். அவன் என்னைப் பார்த்தான். நான், "போடு. உயிரைவிடவா குரல்?" என்றேன். போட்டான். நான் சொன்னதில் தவறு உண்டா? உயிர் இருந்தால்தானே மற்றவை? நீங்களே சொல்லுங்கள்.

அறுவை நன்றாக முடிந்தது. அதில் அந்த மருத்துவரைக் குறை சொல்ல முடியாது, கை தேர்ந்தவர். கழுத்தின் கீழே, இதோ இந்தக் குழியில், ஒரு துளை. ஒரு பலகை வாங்கிக் கொடுத்தோம், பிள்ளைகள் எழுதி அழிக்கும் வெள்ளைப் பலகை. எல்லாம் அதில்தான் எழுதுவான். எழுத்துப்பிழை ஏராளம். முதல் வாரம் திருத்திக்கொண்டே இருந்தேன். பிறகு குழலி, "இப்ப அதுவா முக்கியம்?" என்றாள். விட்டுவிட்டேன்.

தை மாதம் மறுபரிசோதனைக்கு வந்தோம். குழலியும் வந்திருந்தாள். மருத்துவர் காயத்தைப் பார்த்து, நன்றாக ஆறிவிட்டது என்றார். நான் ஒன்பது கேள்விகள் கொண்ட தாளை எடுப்பதற்குள், இரத்தினகிரி பலகையில் எழுதி அவர் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தான். வணக்கம் இல்லை, ஒன்றும் இல்லை. 'மொதல்ல கரண்டு வச்சுப் பாத்துருக்கலாமா?' என்று எழுதியிருந்தான். பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்கு அப்படித்தான் செய்தார்களாம். ஊர் வழக்கில் கதிர்வீச்சைக் கரண்டு வைப்பது என்பார்கள், உங்களுக்குத் தெரியுமே.

மருத்துவர் பேனாவை மூடினார். "பாத்திருக்கலாம்" என்றார். "ஏழு வாரம் கரண்டு, கூடவே மருந்து. உங்க ஸ்டேஜுல சில பேருக்குக் கேக்கும், குரலும் தங்கும். சில பேருக்குக் கேக்காது, அப்பவும் ஆபரேஷன்தான். எது நல்லதுன்னு நான் அடிச்சுச் சொல்ல முடியாது. அதனால நான் ஆபரேஷன்தான் சேஃப்னு நெனச்சேன். குரல்தான் உங்க தொழில்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ரெண்டையும் வச்சு உங்களையே கேட்டிருப்பேன். யாரும் சொல்லலையே."

யாரும் சொல்லவில்லையாம்! பதினோராவதில் தெளிவாக எழுதியிருக்கிறதே! முப்பதாண்டுகளாகத் தம் குரல் ஒன்றையே முதலாக... அந்தத் தாள் அவர் மேசையில் அவர் கண்ணுக்கு நேரே அத்தனை நேரமும் விரிந்து கிடந்தது. கையெழுத்தைப் புகழத் தெரிந்தவருக்குக் கீழே போய்ப் படிக்கத் தெரியவில்லையா? நான் அதைச் சொன்னேன். அந்த அறையிலேயே சொன்னேன். சற்று உரத்தே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. சிஸ்டர் ஜெசிந்தா உள்ளே வந்துவிட்டார்.

நான் சொல்லி முடித்துத் திரும்பினால், இரத்தினகிரி மருத்துவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். குழலியும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து அவன் பலகையில் எனக்கு ஒரு சொல் எழுதியதில்லை. பால்காரனுக்கு எழுதுகிறான். மண்டியிலிருந்து பார்க்க வருபவர்களுக்குப் பக்கம் பக்கமாய் எழுதுகிறான், கேலிகூட எழுதுகிறானாம், அவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். நான் போய் உட்கார்ந்தால் பலகையைத் துடைத்துக் கவிழ்த்து வைத்துவிடுவான். கோபம் என்றால் திட்டி எழுதலாமே! நான் வாங்கிக்கொள்ளமாட்டேனா? நான் அப்படிப்பட்டவனா? என்மேல் என்ன குற்றம் என்று அவன் எழுதிக் காட்டினால், நான் வரிக்கு வரி விளக்கம் சொல்லிவிடுவேன். அதற்கும் இடம் கொடுக்கவில்லை. குழலி அவனுக்குத் துணையாகக் குளித்தலையிலேயே தங்கிவிட்டாள். துளையைச் சுத்தம் செய்ய வேண்டும், ஆவி பிடிக்க வைக்க வேண்டும், ஆள் வேண்டுமே. பங்குனி முடிந்ததும் வந்துவிடுவாள் என்று நினைக்கிறேன். சித்திரை ஆகலாம். எனக்கு ஒன்றும் சிரமமில்லை. ஒரு வேளை பொங்கிக்கொள்கிறேன்.

அவளிடமும் கேட்டேன். தொலைபேசியில்தான். "நான் அவனுக்குக் கெடுதல் நினைப்பேனா?" என்று கேட்டேன். "நெனக்க மாட்டீங்க" என்றாள். "ஆனா அவன் பஸ்ல உங்ககிட்ட சொன்னது ஒரு வரிதானே? அந்த ஒரு வரிய அப்படியே அந்த டாக்டர்கிட்ட சொல்ல உங்களுக்கு ஏன் வாய் வரல?" என்றாள். பெண்களுக்கு எழுத்தின் கட்டுக்கோப்பு புரிவதில்லை. அவளுக்கு விளக்க முயன்றேன். பால் பொங்குகிறது என்று வைத்துவிட்டாள்.

சென்ற மாதம் அவனும் குழலியும் மட்டும் வந்துபோயிருக்கிறார்கள். என்னிடம் சொல்லவில்லை. துளைக்குள் ஏதோ சின்ன வால்வு பொருத்தியிருக்கிறார்களாம். அந்தத் துளையை விரலால் அழுத்திக்கொண்டால் காற்று மேலே போய்ப் பேச்சு வருமாம். மூன்று வாரப் பயிற்சி. மண்டிக்காரர் ஒருவர் பேருந்து நிலையத்தில் என்னைப் பார்த்து, "ரெத்தினம் பேசிருச்சுங்க! கரகரன்னு இருக்கு, ஆனா பேசுது!" என்றார். பெட்டிமேல் ஏறி இனி ஏலம் கூற முடியாதுதான். அது போனது போனதுதான். ஆனால் பேசுகிறானே!

வீட்டுக்கு வந்துவிட்டு அன்றே குளித்தலைக்குப் போனேன். பூசையில் வைத்த பழத்தை எடுத்துக்கொண்டு போனேன். வெளியிலேயே கேட்டுவிட்டது. செருப்பைக் கழற்றும்போதே கேட்டேன். பழைய குரல் அன்று; கல்லில் தகரத்தை இழுப்பது போல ஒரு சத்தம். ஆனால் அவன் பேச்சு, அவன் இழுப்பு, அவன் நக்கல். குழலியிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். "இந்தக் கொரலுக்குப் பூவன்கூட வெல போகாதுக்கா" என்றான். அவள் சிரித்தாள். ஐந்து மாதமாயிற்று, அம்மா, அவள் சிரிப்பைக் கேட்டு.

நான் உள்ளே போனேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கட்டைவிரல் கழுத்துக் குழியில் அழுத்தியிருந்தது. அடுத்த சொல்லுக்காக வாய் திறந்திருந்தது. என்னைப் பார்த்தான். விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

நான் எதிரே உட்கார்ந்தேன். "நன்றாயிருக்கிறாயா?" என்றேன். துளை வழியாக மூச்சு வந்து போகும் சத்தம் மட்டும் கேட்டது. "பேசுகிறாய் என்று சொன்னார்களே" என்றேன். பழத்தைக் கொடுத்தேன், வாங்கி வைத்துக்கொண்டான். மரியாதையில் குறைவில்லை. காபி கொண்டுவரும்படி குழலிக்குச் சைகை காட்டினான். ஒரு மணி நேரம் இருந்தேன். கடைசிப் பேருந்து வரைக்கும்கூட இருந்திருப்பேன். அந்த விரல் மடியைவிட்டு எழவே இல்லை.

புறப்படும்போது குழலி வாசல்வரை வந்தாள். ஏன் இப்படி என்று அவளிடம் கேட்டேன். "பேசிப் பேசி விரல் வலிச்சிருக்கும்" என்றாள்.

இல்லை, அம்மா. அவள் அப்படிச் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் அப்படிச் சொல்லிக்கொள்கிறேன்.